இருநூற்று நாற்பத்தொன்பது சிசி

மே 19

மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. ஜப்பானில் ஏலத்தில் எடுத்தது; நாலு மாதம் கன்டெய்னரில் கிடந்துவிட்டு, இப்போது பிஷ்கெக் சுங்கக் கிடங்கில் சுவருக்கும் பழைய வாஷிங் மெஷின் குவியலுக்கும் நடுவில் நிற்கிறது. தொடலாம், ஓட்டக் கூடாது.

ஜூன் 10 காலையில் நான் இதன் மேல் உட்கார்ந்து மலையூரான நாரினில் போய் இறங்கியாக வேண்டும். மலையில் செல்போன் கோபுரங்களைப் பழுது பார்க்கும் வேலை. மேற்பார்வையாளர் மெதெர் அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வண்டியோட வந்தா வேலை. பஸ்ஸுல வந்தா டீ மட்டும்தான்."

மே 21

சுங்க முகவர் சைரா அக்காவின் மேஜை. ஏலச் சீட்டு. ஏற்றுமதிச் சான்று. அதன் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு சரி என்பதற்கு ஒரு சான்று. அந்தச் சான்றின் நகல். நகலுக்கு முத்திரை.

"அக்கா, இவ்வளவு பாகம் வெச்சு நான் ஒரு எஞ்சின் வரைஞ்சிருந்தா காலேஜ்ல பெயில் போட்டிருப்பாங்க."

"நீ வரைய வேணாம். கையெழுத்துப் போடு."

மே 26

நான் சொன்னது சரி. அதுதான் சிக்கல்.

ஆய்வாளர் ஒசோர் அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பிரேம் நம்பரைப் பார்த்தார். "எஞ்சின் 249 சிசி" என்று படித்து டிக் அடிக்கப் போனார். சிலிண்டர் பக்கத்தில் ஒரு பட்டறையின் ஸ்டிக்கர், 76 மில்லிமீட்டர் பிஸ்டன் என்று. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, அது 249 இல்ல. பெரிய பிஸ்டன் போட்டிருக்காங்க. கணக்குப் பண்ணா 270 வரும்."

பேனா நின்றது.

250-ஐத் தாண்டினால் வேறு வகை, கூடுதல் வரி. வரியாவது போகட்டும், கட்டித் தொலைக்கலாம். காகிதம் ஒன்று சொல்லி, உரிமையாளன் வேறொன்று சொன்னால் நிபுணர் பரிசோதனையாம். பதினைந்து வேலை நாள். எண்ணிப் பார்த்தேன் — ஜூன் 10 எங்கேயோ பின்னால் போய்விட்டது.

வெளியே வந்ததும் சைரா அக்கா கேட்டார்.

"அவரு உன்னக் கேட்டாரா?"

"இல்லக்கா."

"அந்த எஞ்சின் கேட்டுச்சா?"

"ஆனா தப்பா எழுதியிருந்தா—"

"அப்ப யாருக்குடா பதில் சொன்ன?"

மே 27

மெதெர் அண்ணனிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். "கோபுரம் காத்திருக்காது தம்பி. இந்த வேலைக்கு ஆலிம் காத்திருக்கான். அவன்கிட்ட வண்டியும் இருக்கு." போனை வைத்துவிட்டார்.

ஜூன் 2

பதினைந்து நாள் எதற்கு என்று நிபுணரிடமே போய்க் கேட்டேன். எஞ்சினைப் பிரிக்க அவரிடம் ஆள் இல்லையாம். அளப்பது பத்து நிமிட வேலையாம். ஆள் வரத்தான் பதினான்கு நாள்!

நான் பிரித்துத் தருகிறேன் என்றேன். அதற்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார். சைரா அக்கா அங்கேயே முழங்காலில் வைத்து எழுதிக் கொடுத்தார். இந்த நாட்டில் முதல் முறையாக ஒரு காகிதம் உதவியது.

ஜூன் 5

கிடங்கு முற்றத்தில், கோணிப்பை விரித்து, சிலிண்டர் தலையைக் கழற்றினேன். நிபுணர், ஒசோர் அண்ணன், சைரா அக்கா, வேலையை விட்டுவிட்டு வந்த கிரேன்காரர் — கல்யாணக் கூட்டம்.

என் வெர்னியர் அளவுகோலையே வைத்து பிஸ்டன் ஓடும் துளையை அளந்தேன். 73 மில்லிமீட்டர்.

துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். 73. நிபுணர் அவருடைய கருவியால் அளந்தார். 73. அப்படியென்றால் 249 சிசி. காகிதம் சொன்னதேதான்.

யாரோ ஒரு ஜப்பான்காரன் பந்தாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். அதை நம்பி நான் அரசாங்கத்துக்கு எஞ்சின் பாடம் எடுத்திருக்கிறேன்.

"கணக்கு நல்லாப் போடுற தம்பி," என்றார் ஒசோர் அண்ணன். திட்டியிருக்கலாம்.

ஜூன் 9

பழைய வரியே. கட்டியாயிற்று. எஞ்சினையும் திரும்பப் பூட்டியாயிற்று. வண்டியில் போட்டிருந்த சுங்க முத்திரையை வெட்டினார்கள்.

ஒசோர் அண்ணன் பையைத் துழாவி நூறு சோம் நோட்டு ஒன்றை எடுத்து வண்டி சீட்டின் மேல் வைத்தார். பார்த்த காசு; புதுசாக வந்ததை முதலில் பார்ப்பவர் வைப்பது. புது மருமகளுக்கும் பிறந்த குழந்தைக்கும் வைப்பதைப் போல.

"அண்ணே, இது பதினேழு வருஷப் பழசு."

"உன் வீட்டுக்குப் புதுசுதானே? எடு. வெறுங்கையோட பார்த்தா நல்லதில்ல."

கிரேன்காரரும் இருபது வைத்தார். சுங்க அதிகாரிக்கு நாம் கொடுத்தால் லஞ்சம். அவர் நமக்குக் கொடுத்தால் என்ன பெயர்?

பிறகு விடுவிப்புப் படிவத்தை நீட்டினார். படித்தேன். நிறம்: சிவப்பு.

வண்டி பளிச்சென்ற ஆரஞ்சு. குருடனுக்கும் தெரியும். நாக்கு பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சைரா அக்கா என்னைப் பார்க்காமல் பேனாவை நீட்டினார்.

கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 10

நாரின். எட்டரைக்கே வந்துவிட்டேன். மெதெர் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து சீட்டில் ஐம்பது சோம் வைத்தார்.

"வண்டி ஜோரா இருக்குடா. ஆரஞ்சு எனக்கும் பிடிக்கும்."

"சிவப்பு அண்ணே."

ஒரு தடவை வண்டியைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு மூன்றாம் கோபுரத்தின் சாவியைக் கொடுத்தார்.