மரத்தின் அந்தப் பக்கம்

அண்ணா,

இன்று காலை ஆலங்காயத்தில் ஒரு கடை வாசலில் கடுக்காய் மூட்டை வாய் பிரிந்து கிடந்தது. பார்த்ததுமே நாக்கு துவர்த்தது. மலையடிவாரத்துக் கம்பெனியின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து நீ நின்ற நிலை நினைவுக்கு வந்தது.

கடுக்காயைக் காய்ச்சி, தோல் பதனிடுவதற்கான சாறு எடுத்து வாணியம்பாடிக்கு அனுப்பிய கம்பெனி அது. முதலாளி உன்னைப் பங்குக்கு அழைத்தார். அம்மா நம் இருவருக்கும் விட்டுப்போன ஒரே சொத்தான புளியந்தோப்பை விற்று, பணத்தை அதில் போட்டுவிடலாம் என்று நீ முடிவே செய்துவிட்டாய். என் கையெழுத்துதான் பாக்கி.

அந்தக் கம்பெனி எவ்வளவு பெறும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ரோட்டில் போய் வரும் லாரிகள், ஓயாத புகை, முதலாளியின் புதுக் கார் என்று அடுக்கினாய். பூவைப் பார்த்தே புளியமரத்துக்குக் குத்தகை பேசுகிறவன் நீ. அதே கண்ணால் கம்பெனியையும் அளந்தாய். அதற்குக் கடன் எவ்வளவு, சாறு என்ன விலைக்குப் போகிறது, எதுவும் நமக்குத் தெரியாது.

எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகும் வழியில், டீக்கடையில் கம்பெனி லாரி டிரைவர் ஒருவர், சரக்கை வாணியம்பாடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டார். நீ எண்ணிய லாரிகளில் எத்தனை அப்படித் திரும்பியவையோ என்றேன். கூடவே உன் வார்த்தையையே எடுத்துப் போட்டேன். "ஒரு பக்கம் நின்னு மரத்துக்கு வெல சொல்லக்கூடாதுன்னு நீதான சொல்லுவ?"

நீ சிரித்தாய். "ஒரு லாரிய வெச்சினு கம்பெனியே படுத்துடுச்சுன்றியே பாப்பா. நீ மட்டும் இன்னா, சுத்தி வந்தா பாத்த?"

நீ சொன்னதும் சரிதான். என் சந்தேகமும் கணக்குத் தெரியாத ஊகம்தான்.

மறுநாள் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நீயே போனாய். முதலாளி டீ வரவழைத்தாராம், சாறு காய்ச்சும் கொப்பரைகளைச் சுற்றிக் காட்டினாராம். கணக்கை மட்டும், "நமக்குள்ள இன்னாங்க கணக்கு" என்று சிரித்தே தள்ளிவிட்டாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, தோப்பு இருக்கட்டும் என்றாய்.

பிறகு அந்தக் கம்பெனி கைமாறியது. நல்ல விலைக்குப் போனது என்றார்கள் சிலர். கடனில் போனது என்றார்கள் சிலர். நாம் தப்பித்தோமா, தவறவிட்டோமா, கடைசிவரை தெரியவில்லை. பஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "இன்னா பாப்பா, போட்டிருக்கலாமோ?" என்று சீண்டுவாய். தெரியாது என்பேன். இன்றைக்கும் அதுதான் பதில்.

நீ இல்லாத முதல் ஆனி இது. தோப்பு பூத்திருக்கிறது. போன வாரம் செங்கத்து வியாபாரி ஒருவர் வந்து, ரோட்டில் நின்றபடியே குத்தகை விலை சொன்னார். நான் நினைத்ததைவிட அதிகம். சரி என்று சொல்ல வாய் எடுத்தவள், அந்தப் பக்கமும் வந்து பாருங்கள் என்று ஓடைக்கரைக்கு அழைத்துப் போனேன். அங்கே கிளைகளில் பூவே பிடிக்கவில்லை. விலையைக் குறைத்தார்.

குறைத்த பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இத ஏம்மா நீங்களே கூட்டினு வந்து காட்றீங்க?" என்று கேட்டுவிட்டு, நம்பிக்கை வராமல், தனியாக ஒருமுறை தோப்பைச் சுற்றக் கிளம்பினார்.

அவர் சுற்றி முடிக்கும்வரை நான் நிழலில் நின்றேன், அண்ணா.