நாய்க்குட்டி வாங்க முதல்

கல்லடி,
மட்டக்களப்பு.
ஆவணி 2009

அன்புள்ள மகன் நிலோஜனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் துரையும் இங்கே சுகமாக இருக்கிறோம், கனடாவில் நீயும் மருமகள் அஜந்தாவும் அதேபோல நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். துரை யாரென்று அங்கே யாராவது கேட்டால் எங்கள் நாய் என்று சொல். அப்பாவிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லுவார்.

போன கிழமை அப்பாவோடு பேசும்போது, அஜந்தாவுக்குத் துணையாக ஒரு சின்னச் சடைநாய்க்குட்டி வாங்கப்போகிறேன், எப்படிப் பார்த்து எடுப்பது, எப்படி வளர்ப்பது என்று கேட்டாயாம். அன்றிலிருந்து மனிசனைக் கையில் பிடிக்க முடியவில்லை. கலியாணம் பேசும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்காத பிள்ளை நாய்க்கு அபிப்பிராயம் கேட்டுவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். தானே பதில் எழுதுவதாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அவர் எழுதினால் கடிதம் முழுக்கச் சீப்புத்தான் இருக்கும் என்று நான் பேனையைப் பறித்துவிட்டேன். பஸ் ஓடின காலத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிரேக் அடித்தாரே தவிர நாய்க்கு ஒருநாளும் அடிக்காத மனிசன் இவர், அது உனக்கே தெரியும்.

துரை வந்த கதையை நீ முழுக்கக் கேட்டதில்லை. நீ காசு அனுப்பிக் கட்டிய மேல்மாடிதான் சுனாமியன்று எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியது, கீழ்வீட்டில் தண்ணீர் ஜன்னலுக்கு மேலே நின்றது. பிறகு நிவாரண வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் அந்த மேல்மாடியை வாடகைக்கு எடுத்தார். கொழும்பில் யாரோ சிநேகிதர் கொடுத்தார் என்று கொஞ்ச நாளில் ஒரு பொமரேனியன் குட்டியைக் கொண்டுவந்தார். அவர் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. மேலே நின்றுகொண்டு எங்களை வேலைக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக் குரைத்ததால் அப்பா துரை என்று கூப்பிட்டார், அதுவே நின்றுவிட்டது. சந்தியில் நின்ற ஆமிக்காரன் எங்கள் அடையாள அட்டைகளை வருசக்கணக்காகத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எங்கள் பெயரை மனதில் வைக்கவில்லை, துரையின் பெயரை ஒரே கிழமையில் பாடமாக்கிவிட்டான்.

அந்த வெள்ளைக்காரர் நல்ல மனிசர் என்பதைச் சொல்ல வேண்டும். விடியமுன் ஜீப்பில் வாகரைக்குப் போவார், இருட்டினபிறகுதான் வருவார். வீடில்லாத சனத்துக்கு வீடு, தோணியில்லாதவனுக்குத் தோணி என்று ஓடித்திரிந்தார். நாய்க்கும் குறை வைக்கவில்லை. அதற்கு மெத்தை, பந்து, றப்பர் எலும்பு, தனியாக ஒரு மின்விசிறி. எனக்குக்கூட அப்போது தனி மின்விசிறி இல்லை. பகல் முழுக்க அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான். கொஞ்சக் காலத்தில் துரை தன் சடையைத் தானே கடித்துப் பிடுங்கத் தொடங்கியது. காலிலும் விலாவிலும் சொட்டை சொட்டையாக விழுந்தது. நான் சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் பூசினேன், வீடு முழுக்க நாறியதுதான் மிச்சம். அப்பா அந்த மனிசரிடம் கேட்டுக்கொண்டு, தனக்கு முடி வெட்டுகிற சீனித்தம்பியிடம் துரையைக் கொண்டுபோனார். சீனித்தம்பி, இந்த வெக்கைக்கு இவ்வளவு சடை ஆருக்கு வேணும் அண்ணன், ஒட்ட வழிச்சு விட்டா உள்ளுக்குக் காத்துப் போகும், மறுகா நல்லா முளைக்கும் எண்டு சொல்லி மெசினைப் போட்டுவிட்டான். திரும்பி வந்ததைப் பார்த்து இது என்ன பெருச்சாளி என்று கேட்டேன். இரண்டு நாள் வெயிலில் முதுகு சிவந்து பொங்கிவிட்டது.

பிறகுதான் மிருக வைத்தியரிடம் போனோம். அவர் அப்பாவை வைத்து வாங்கினார். அந்தச் சடைதான் ஐயா அதுக்குக் குடை, குடையைப் பிடுங்கிப்போட்டு வெயிலுக்கை விட்டிருக்கீங்க எண்டு ஏசினார். தடவிப் பார்த்துவிட்டு, இதுக்குச் சொறியும் இல்ல ஒண்டும் இல்ல, தனிய அடைச்சு வச்சிருக்கீங்களோ எண்டு கேட்டார். அப்பா அன்றிரவே அதை வெள்ளைக்காரரிடம் சொன்னார். மறுநாளிலிருந்து வெள்ளைக்காரர் மேல்மாடிப் பூட்டின் திறப்பை எங்களிடம் தந்துவிட்டுப் போனார், துரை பகலில் எங்கள் அடுப்படியில் கிடந்தது. நான் தேங்காய் துருவினால் பக்கத்தில் இருக்கும், நான் ஏசினால் எழும்பி அப்பாவிடம் போகும். சடை திரும்ப முளைத்துச் சிக்குப் பிடித்தபோது அப்பா வாவிக்கரைக் காற்றில் கதிரையைப் போட்டு அதற்குத் தலைவார ஆரம்பித்தார். கலியாணமாகி இவ்வளவு காலத்தில் என் தலையில் ஒரு பேன் பார்த்திருப்பாரா என்று கேள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். குட்டி பார்க்கப் போனால் தகப்பன் போட்டியில் வென்ற நாய் என்று படம் காட்டுவார்கள், அதைப் பார்க்காதே. நம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்தாலும் தாய்வழிக் குடியைத்தான் முதலில் விசாரிப்போம், அதுபோலத் தாய்நாயைக் காட்டச் சொல்லு. தாய் கடிக்கிறதா, நடுங்குகிறதா, ஆளைக் கண்டால் வாலாட்டுகிறதா என்று பார். தாயைக் காட்டாதவனிடம் வாங்காதே. சடையின் அழகில் மயங்காமல் விரலை உள்ளே விட்டு விலாவைத் தடவிப்பார், எத்தனையோ மெலிவைச் சடை மூடிவிடும். ஒவ்வொரு நாளும் சீவ வேண்டும், காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும்தான் முதலில் சிக்குப் பிடிக்கும், சிக்கோடு குளிப்பாட்டினால் கயிறாகிவிடும். அடிக்கடி குளிப்பாட்டாதே, குளிப்பாட்டினால் அடிமயிர்வரை துவாயால் ஈரம் எடு. மீன்முள் கொடுக்காதே. வெயில் காலத்திலும் மொட்டையடிக்காதே, சீனித்தம்பி மாதிரி ஆட்கள் கனடாவிலும் இருப்பார்கள்.

இனிச் சொல்லப்போவது நாயைப்பற்றியது இல்லை, மகன். அஜந்தா ஒவ்வொரு நாளும் எனக்குத் தொலைபேசி எடுக்கிறாள். குறை ஒன்றும் சொல்லமாட்டாள். என்ன கறி மாமி என்று கேட்பாள், சொல்லுவேன். பிறகு பேச்சு இருக்காது, ஆனாலும் வைக்கமாட்டாள். நான் மீன் வெட்டுகிற சத்தத்தையும் அப்பா துரையோடு பேசுகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டே இருப்பாள். போன கிழமை, மாமி எனக்குத் தலைமயிர் பிடி பிடியாக் கொட்டுது, தலைக்கு என்ன எண்ணெய் காய்ச்சுறது எண்டு கேட்டாள். எண்ணெய் காய்ச்சும் விதத்தைச் சொல்லிவிட்டு வைத்தேன், வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. நீ பகலில் ஒரு வேலை, பின்னேரம் ஒரு வேலை என்று ஓடுகிறாய். பெரிய ரீவியும் தையல் மெசினும் வாங்கிக் கொடுத்திருக்கிறாய், இப்போது நாய்க்குட்டியும் வாங்கப் பார்க்கிறாய். மருமகளை நாயோடு ஒப்பிடுகிறேன் என்று கோபிக்காதே. ஒப்பிடுவது உன்னையும் அந்த வெள்ளைக்காரரையும்தான்.

சண்டை முடிந்த கையோடு அவர் வேலை செய்த நிவாரணக் கந்தோரை மூடிவிட்டார்கள். ஆடியில் ஜீப்பில் பெட்டியை ஏற்றிவிட்டு, துரையைத் தன்னோடு கூட்டிப்போகக் கூப்பிட்டார். கடதாசி எல்லாம் எடுத்து, விமானத்தில் கொண்டுபோக ஒரு கூண்டும் வாங்கி வைத்திருந்தார். படலை வாசலில் முழங்காலில் நின்று தான் வைத்த பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். துரை வாலை ஆட்டியது, அப்பாவின் கால்மாட்டை விட்டு எழும்பவில்லை. தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், அவர் தூக்கவில்லை. ஜீப் திரும்பும்போது அந்தப் பெரிய மனிசர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததை நான் கண்டேன். பாவம், அவர் ஒரு கெடுதலும் செய்யவில்லை, வீட்டில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகையால் குட்டியை இப்போது வாங்காதே. பின்னேர வேலையை விடு. எங்களுக்கு அனுப்புவதைக் குறைத்தால் நாங்கள் செத்துப்போகமாட்டோம், மேல்மாடியை யாருக்காவது வாடகைக்குக் கொடுப்போம். அங்கே பனி கொட்டுகிற மாரி முழுக்கப் பின்னேரங்களில் வீட்டில் இருந்து பார். அதற்குப் பிறகு அஜந்தாவே நாய் கேட்டால் தாயைப் பார்த்து வாங்கு, அப்பா சீப்பு அனுப்புவார்.

இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, பிள்ளைகுட்டியோடு நீடூழி வாழ வேண்டும். அஜந்தாவுக்கு எண்ணெய் காய்ச்சிப் போத்தலில் அடைத்து வைத்திருக்கிறேன், அங்கே வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன், நீயே அவள் தலையில் தேய்த்துவிடு, உன் அப்பா நாய்க்குச் செய்கிறார். இந்தக் கடிதத்தை நீ வேலை முடிந்து வந்துதான் பிரிப்பாய், அப்போது அவள் நித்திரையாக இருப்பாள். எழுப்பாதே. நாளைக்கு அவள் விழித்திருக்கும்போது வீட்டில் இரு.

உன்னைப் பெற்றவள்,
நல்லரத்தினம் புஸ்பம்