மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிவைத்த பாட்டு

நண்பா,

இன்று காலை அலமாரியிலிருந்து அந்த நீல அட்டைப் புத்தகத்தை எடுத்தேன். திறப்பதற்கு முன்பே உன் கடையின் வார்னிஷ் வாசனை வந்துவிட்டது. மோட்டார் வைண்டிங் செய்கிறவன் கையைக் கழுவாமல் தத்துவ நூலைத் தொடக்கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நாற்பத்தொன்றாம் பக்கத்தின் ஓரத்தில் உன் கட்டைவிரல் ரேகை, கரியும் எண்ணெயுமாக, அச்சடித்ததுபோல் பதிந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நீலநிறப் பால்பாயிண்ட் பேனாவால் ஓர் அடிக்கோடு. பென்சிலால் கோடு போடலாம், பேனாவால் கூடாது என்பதுதான் இரவல் கொடுக்கும்போது நான் விதித்த முதல் நிபந்தனை. நீ மீறிய முதல் நிபந்தனையும் அதுதான். இறந்துபோனவனோடு சண்டை போடுவது முறையல்ல என்கிறாள் என் மனைவி. உயிரோடிருந்தபோது தொடங்கிய சண்டைகளில் ஒன்றையாவது நீ முடித்துக் கொடுத்திருந்தால் நான் ஏன் இப்படி எழுதப்போகிறேன்?

அலமாரியைத் திறந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். மயிலாடுதுறையில் ஒரு பள்ளித் தலைமையாசிரியை. நூலகக் கூட்டமொன்றில் என் பேச்சைக் கேட்டிருக்கிறார். பௌத்த தத்துவ நூல்களைப் படிக்க விரும்பும் ஒருவர் எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். என் பட்டியலை அனுப்பிவைக்கலாம் என்று தேடினேன். அது நான் வைத்த இடத்தில் இல்லை. உனக்கு இரவல் தந்த இந்த நீலப் புத்தகத்துக்குள் இருந்தது.

அந்தப் பட்டியலை உனக்கு நன்றாகத் தெரியும். நீர்வளத்துறையில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் பாலி மொழி படித்து, தவறான நூலில் தொடங்கித் தவறான இடத்தில் முட்டிக்கொண்டு, எனக்கு நேர்ந்த குழப்பம் வேறு எவருக்கும் நேரக்கூடாது என்று பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி நான் அமைத்தது. முதலாண்டில் வரலாறும் நான்கு உண்மைகளும். இரண்டாமாண்டில் ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் சார்பில் தோற்றம் என்னும் சங்கிலியின் பன்னிரு கண்ணிகளும், நிலையான ‘நான்’ இல்லை என்னும் அனான்மக் கொள்கையும். பாராயணப் பாடல்கள் மூன்றாமாண்டில். அதன்பின் மனத்தைப் பகுத்தாராயும் அபிதம்மம், கடைசியாகச் சூனியவாதம். மொத்தம் ஐந்தாண்டு. அதில் ஒரு பிழையும் இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

நீயும் இதே கேள்வியைத்தான் கேட்டாய். மஸ்கட்டிலிருந்து திரும்பி முத்துப்பேட்டையில் கடை வைத்து, சிறுநீரகம் கெட்டு, வாரம் இருமுறை தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தாய். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமையில் சனிக்கிழமைகளில் நான் உன் படுக்கையருகே வந்து உட்காருவேன். ஒரு நாள் திடீரென்று ஆரம்பித்தாய்.

"டேய் இன்ஜினியர், இந்தப் புத்த மதத்துப் புஸ்தகமெல்லாம் படிக்கணும்னா எங்கேர்ந்துடா ஆரம்பிக்கணும்?"

"நீயா? எதுக்கு? உங்க ஜமாத்துல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"படிக்கிறதுக்கு யாருடா என்ன சொல்லப்போறா? நான் என்ன மாறவா போறேன்? மஸ்கட்ல என் ரூம்ல ஒரு சிலோன்காரர் இருந்தாரு, சிங்களவரு. எனக்கு டைஃபாய்டு வந்து கெடந்தப்ப பன்னெண்டு நாள் கஞ்சி காய்ச்சிக் குடுத்தாரு. தெனம் சாயங்காலம் பக்கத்துல உக்காந்து என்னமோ ஓதுவாரு. அது என்னன்னு கேக்கறதுக்குள்ள லீவுல ஊருக்குப் போனவரு அங்கேயே மாரடைப்புல போயிட்டாரு. போன்ல புடிச்சு வச்சிருக்கேன், கேளு."

கேட்டேன். அரை நிமிடத்துக்குள் எந்தப் பாட்டு என்று தெரிந்துவிட்டது. அன்பைப் பற்றிய சிறிய பாலிப் பாட்டு. அச்சில் ஒரு பக்கம் வராது. நோயாளியின் அருகே அமர்ந்து அதை ஓதுவது அந்த நாட்டில் வழக்கம். நீ கேட்டது அதன் பொருளை மட்டும்தான். நான் என்ன செய்தேன்? போனை உன் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"இது பாராயணம், தத்துவம் இல்ல. அடிப்படை தெரியாம அர்த்தம் கேட்டா வெறும் வாழ்த்துப்பா மாதிரிதான் இருக்கும். மூணாவது வருஷம் இதுக்கு வருவோம்."

"மூணாவது வருஷமா!" என்று நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படுக்கைக்காரரும் சேர்ந்துகொண்டார். நான் சிரிக்கவில்லை. பையிலிருந்து பட்டியலை எடுத்து உன் போர்வைமேல் வைத்தேன்.

உன்னைப்போல் ஒழுங்கற்ற மாணவன் எவனுக்கும் வாய்க்கக்கூடாது. முன்னுரையைப் படிக்க மாட்டாய். பின்னட்டையிலிருந்து புரட்டுவாய். மாதந்தோறும் நான் கொடுத்த கேள்வித்தாளில் கட்டாய வினாக்களை விட்டுவிட்டு, "இவர் பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டுப் போனது நியாயமா?" என்று எனக்கே ஒரு வினா எழுதித் திருப்பிக் கொடுப்பாய். ஆனாலும் உன் நிலைமையைக் கருதி விதியைத் தளர்த்தினேன். இரண்டாமாண்டுப் பாடத்தை ஏழாம் மாதத்திலேயே தொடங்கினேன். மிகப்பெரிய சலுகை செய்துவிட்டதாக அன்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரு கண்ணிகளை முறைப்படி சொல்லத் தொடங்கினேன். பேதைமையைச் சார்ந்து செய்கை, செய்கையைச் சார்ந்து உணர்வு. நீ கையை உயர்த்தினாய், ஊசி ஏறாத கையை.

"பன்னெண்டாவதுலேர்ந்து ஆரம்பிச்சா ஆகாதாடா? மூப்பு, சாவு. அது எனக்கு நல்லாத் தெரியும். இந்தப் பேதைமைதான் எங்க இருக்குன்னு புரியல."

"உங்கிட்டதான் இருக்கு. வரிசையாப் படி."

"எரிஞ்ச மோட்டார் வந்தா நான் எங்கேர்ந்து பிரிக்கிறேன்? எங்க கருகியிருக்கோ அங்கேர்ந்துதானே?"

"மோட்டார் வேற, இது வேற."

வேறல்ல. இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. மூப்பும் சாவும் எதனால் என்று கேட்டு, ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போய்த்தான் அந்தச் சங்கிலி முதலில் கண்டறியப்பட்டது என்று பழைய பௌத்த உரையாடல்களிலேயே இருக்கிறது. முன்னிருந்து அடுக்கிச் சொல்வதும் அங்கே உண்டு; ஆனால் தேடியவன் தொடங்கிய இடம் சாவு. நான் அதைப் பாலியிலேயே படித்தவன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நீ பேனாவால் கோடு போட்டிருப்பது சரியாக அந்த இடத்தில். எப்போது கண்டுபிடித்தாய்? கண்டுபிடித்தும் ஏன் என் முகத்துக்கு நேரே காட்டவில்லை? அதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது உனக்கு அவ்வளவு நாகரிகம்?

அன்றைக்கே இன்னொரு வாதத்தையும் எடுத்தாய். ஆற்றில் தண்ணீர் குறைந்து, ஊருக்கு ஊர் நாள் முறை வைத்து நாங்கள் விட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. முறை வைத்தால் வாய்க்காலின் கடைசி வயல்களான கடைமடைக்கே முதலில் என்பதில் நான் எவ்வளவு கண்டிப்பானவன் என்று உனக்குத் தெரியும். வழியில் வாய்க்காலை மறித்த தலைமடைக்காரர்களிடம் நான் வாங்கிய வசவுகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தவன் நீ.

"தண்ணி கொறஞ்சா யாருக்குடா முதல்ல விடுவே?" என்றாய்.

"கடைமடைக்கு. அதுல என்ன சந்தேகம்?"

"ஏன்?"

"தலைமடைக்காரன் அப்புறமாக்கூட எடுத்துக்கலாம். கடைமடைக்குக் கடைசியா விட்டா போய்ச் சேராது."

"நான் எந்த மடைடா?"

நான் புத்தகத்தைப் பார்த்தபடி, "உவமை சான்றாகாது" என்றேன். தர்க்க விதிப்படி அது சரியான பதில். "சரிங்க சார்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய்.

நாள் அதிகமில்லை என்று மருத்துவர் சொன்னது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நிலையாமை பற்றி மாதந்தோறும் வினா எழுதிய நான், உனக்கு ஐந்தாண்டு இருக்கிறது என்று எந்த ஆதாரத்தில் கணக்கிட்டேன்? ஆதாரம் இல்லை. பாடம் முடியாதவரை மாணவன் எழுந்து போக முடியாது என்று ஒரு முட்டாள் நம்பிக்கை எனக்கு இருந்தது. அதைத்தான் பாடத்திட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை நீ போய்விட்டாய். அடுத்த கேள்வித்தாள் என் பையில் இருந்தது.

உனக்காக ஓதிய நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்திருந்தேன். உன் மனைவி புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"உங்க புக்குண்ணே. கறை பண்ணி வச்சிருக்காரு, கோவிச்சுக்காதீங்க." பிறகு உன் போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டார். "கடைசி வாரம் பூரா இதத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு. என்ன அர்த்தம்னு கேட்டேன். இன்ஜினியரு மூணாவது வருஷம் சொல்லுவான்னாரு. நீங்க இப்பச் சொல்லுங்கண்ணே."

சொன்னேன். வரிவரியாக, நிறுத்தி நிறுத்தி. எல்லா உயிர்களும் நலமாக இருக்க வேண்டும் என்ற விருப்பம்தான் அது; அப்படி விரும்புகிறவன் எப்படி வாழ வேண்டும் என்றும் சொல்கிறது. கால் மணி நேரம் ஆயிற்று. அதில் தத்துவம் இல்லை என்று உன்னிடம் சொன்னது தவறு என்பது சொல்லும்போதே தெரிந்தது. தான், பிறர் என்ற கோட்டை அழித்துக்கொண்டே போகிறது அந்தப் பாட்டு. அனான்மம் என்று நான் இரண்டாமாண்டுக்கு வைத்திருந்தது வேறென்ன?

அவர் முந்தானையால் போனின் கண்ணாடியைத் துடைத்தார். "இவ்வளவுதானாண்ணே? இத அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே." குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. அப்படி இருந்திருந்தால் ஏதாவது விளக்கம் சொல்லியிருப்பேன்.

தலைமையாசிரியைக்குப் பட்டியலை அனுப்பவில்லை. எது நேர்ந்ததால் இதைப் படிக்க நினைத்தீர்கள் என்று ஒரே வரி கேட்டு எழுதினேன். அதற்கு ஏற்ற பக்கம் எதுவோ அதில் தொடங்கலாம், வரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பட்டியலை மடித்து உன் கட்டைவிரல் ரேகை இருக்கும் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். கிழிக்கவில்லை. காலம் உள்ளவர்களுக்கு அது இன்னமும் சரியான பட்டியல்தான். பேனா பற்றிய நிபந்தனையும் நீடிக்கிறது.

உன் மனைவியிடம் கேட்டு வாங்கிய அந்தப் பதிவு இப்போது என் போனில் இருக்கிறது. முறை மாற்றும் நாளில் மதகுக்குப் போகும் வழியில் ஜீப்பில் கேட்கிறேன். அந்தச் சிலோன்காரரின் குரலுக்கு அடியில், பதிவு முடியும் இடத்தில், நீ இருமுவது கேட்கிறது.

"நான் எந்த மடைடா?" என்று அன்று நீ கேட்ட கட்டாய வினாவுக்கு நான் விடை எழுதவில்லை. கடைமடை. அப்போதே எனக்குத் தெரியும்.