ஐசியிடம் கேட்க வேண்டுமாம்

செப்டம்பர் 12, செவ்வாய்

சொந்தக் கதையைக் குறும்படமாக்கும் நூலகத்து வகுப்பில் இன்று குரல் பதிவு செய்தோம். படம் சேர்ப்பது அப்புறமாம். முதலில் அவரவர் கதையை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். டீச்சர் கெண்ட்ரா மைக்கை முன்னால் வைத்தாள். நான் தாளைப் பார்க்கவில்லை. எனக்கெதற்குத் தாள்? பல வருஷத்துக்கு முன்னால், இந்தக் கென்டக்கி மலையில் வேலை கிடைக்காமல் நான் தூரத்து டேட்டன் நகரத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அம்மா இங்கே படுக்கையில். பக்கத்தில் தங்கை ஐசி. வீட்டில் போன் இருந்தது. மூச்சு நின்ற பிறகுதான் என்னைக் கூப்பிட்டாள். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. அம்மா கடைசியாக என்ன சொன்னாள்? நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

செப்டம்பர் 19

கதையில் வருபவர் உயிரோடு இருந்தால் முதலில் அவருக்குப் போட்டுக்காட்டி, சம்மதம் வாங்க வேண்டுமாம்.

"அவகிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன்."

"அப்ப திரையில போட முடியாது, மிஸ் ஜெல்மா" என்றாள் கெண்ட்ரா.

கூடப் படிக்கிற ஓட்டிஸ், பழைய சுரங்கக்காரன், சிரிக்கிறான்: "என்னைப் பாரு. என் கதையில எல்லாரும் செத்தாச்சு, நாய் உட்பட. ஒரு தொல்லையும் இல்ல."

செப்டம்பர் 20

மாட்டேன்.

செப்டம்பர் 23

சோள ரொட்டி கருகிவிட்டது. அம்மா அடுப்படியில் முனகுகிற பாட்டுக்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசிப் பேச்சு மட்டும் இல்லை. அது பக்கத்துப் பள்ளத்தாக்கில், ஐசியிடம் இருக்கிறது. அதையும் எடுத்து வைத்துக்கொண்டாள், பார்!

செப்டம்பர் 26

என் பதிவை ஐசிக்கு அனுப்பச் சொல்லிக் கெண்ட்ராவிடம் சொன்னேன்.

அக்டோபர் 1

பதில் இல்லை. எதற்கு இந்தப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்? வெட்கங்கெட்டவள்.

அக்டோபர் 3

ஐசி போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். குரலே கிழடாகிவிட்டது.

"நீ சொன்னது நெசந்தான், அக்கா. கூப்பிடல. படுத்ததுலேர்ந்து அம்மா 'ஜெல்மா, ஜெல்மா'ன்னே இருந்தா. பீ மூத்திரம் அள்ளினவ நானு. என் பேரை ஒரு தடவ சொல்லல. நீயும் வந்து நின்னுட்டா அந்த வீட்டுல நான் யாரு? கடைசில 'ஜெல்மா, வந்துட்டியா'ன்னா. 'வந்துட்டேம்மா'ன்னேன். என் கையப் புடிச்சிக்கிட்டே போயிட்டா. இதையும் சேத்துப் போடு. இல்லன்னா ஒண்ணும் போடாத."

மன்னிக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன்.

அக்டோபர் 17

இன்று ஊராருக்குப் போட்டுக்காட்டினார்கள். ஒரு கதை மூன்று நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாதாம்; இரண்டு குரலும் சேர்ந்தால் நீளம். எதை வெட்டுவது என்று கெண்ட்ரா போன வாரமே கேட்டிருந்தாள். என்னுடையதை என்று சொல்லிவிட்டேன்.

ஐசி வந்திருந்தாள். அவள் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை. நான் சுவரோரமாக நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். விளக்கை அணைக்கப்போகும்போது பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.