கோட் அலுமாரியில் ஆறு மகாராணிகள்

27 ஜனவரி 1996
இன்று தொடங்கும் கதையை உலகில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்கிறேன். ஆகவே எனக்கே எழுதுகிறேன்.

விட்பி நகருக்கு அப்பால் ஒரு பண்ணையில் ஆறு பெண் காடைகள் வாங்கினேன். முட்டைக்கும், பிறகு இறைச்சிக்கும். வளர்க்கும் முறையைப் பண்ணைக்காரர் சொல்லத் தொடங்க, யாழ்ப்பாணத்தில் நாற்பதாயிரம் காடை வளர்த்த என் வரலாற்றை நான் சொன்னேன். அவை எழுந்து பறந்தால் சூரியன் மறையும்; பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடுவார்கள். என் மனைவி குணவதி அவரைத் தனியே மறித்து ஏதோ கேட்டுக்கொண்டு நின்றாள்.

எங்கள் டோர்செட் பார்க் அடுக்குமாடிக் கட்டடத்தில் பறவை வளர்க்கத் தடை. ஆகவே மகாராணிகளுக்குக் கோட் அலுமாரியே அந்தப்புரம். நல்ல இருட்டு, சத்தம் வெளியே போகாது.

28 ஜனவரி
பிக்கரிங்கில் இருக்கும் குணவதியின் அண்ணர் சண்முகலிங்கத்துக்குப் போன் எடுத்தேன். மார்ச் மூன்றாம் திகதி காடைமுட்டை விருந்து. "முட்டை ஏத்த லொறியோட வா, மச்சான்."

6 பெப்ரவரி
முட்டை இல்லை.

11 பெப்ரவரி
இன்றும் இல்லை. குணவதி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அண்ணர் வாற அண்டைக்கு முட்டை இல்லாட்டி உதுகளைத்தான் கறி வைப்பன். நாற்பதாயிரம் வளர்த்தவருக்கு ஆறு பெரிசோ?"

பெரிசுதான். பெயர் வைத்துவிட்டேனே! ராசாத்தி என் விரலைக் கொத்தித்தான் தீனி கேட்கிறாள். அவளை எப்படி—

12 பெப்ரவரி
அலுமாரிக்குள் மேசை விளக்கு எரிகிறது.
"ஏனப்பா இது?" என்று குணவதியைக் கேட்டேன்.
"பூட்ஸ் தேட. லைட்டை நிப்பாட்டாதேங்கோ."
பூட்ஸ் வாசலில் கிடக்கிறது. தீர்ப்புச் சொன்ன நீதிபதியோடு வாதாடக்கூடாது.

20 பெப்ரவரி
விளக்கு விடியப் பற்றுகிறது, படுக்கும்போது அணைகிறது. அப்படி என்ன பூட்ஸ்?

1 மார்ச்
குசினியில் மிளகு வறுக்கும் வாசம். மச்சானுக்குக் காய்ச்சல் வரட்டும். சின்னக் காய்ச்சல் போதும்.

2 மார்ச்
கத்தியை ஒளித்துவைக்க அலுமாரியைத் திறந்தேன். வைக்கோலில் நாலு முட்டை! மை தெளித்தாற்போலப் புள்ளிகள். நான் போட்ட சத்தத்தில் சி.என். கோபுரமே ஒரு பக்கம் சரிந்தது.

குணவதி அவசரமில்லாமல் ஆறுதலாக வந்தாள். "வெளிச்சம் இல்லாமல் காடை முட்டையிடுமே? பண்ணைக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னவன். நீங்கள் சூரியனை மறைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"அப்ப கறி?"

"விசர்க் கதை. ராசாத்திக்குக் காலமை தீனி வைக்கிறது ஆரெண்டு நினைச்சீங்கள்?"

அப்பாடா! குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். தொட்டி நிரம்பிக் கீழ்வீட்டுக்கு ஒழுகியது.

3 மார்ச்
தலைக்கு ஒரு முட்டை; மச்சானுக்கு இரண்டு.
"எங்க மச்சான், லொறி நிரப்பிற முட்டை?"
"என்ர பாட்டுக்கு மயங்கித்தான் இதையும் இட்டதுகள்" என்றேன். குணவதி என் சோற்றில் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினாள்.

நாற்பதாயிரம் பொய். சூரியன் பொய். கோபுரம் நேராகத்தான் நிற்கிறது. கீழ்வீட்டுக்கு ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

அழுதது மட்டும் உண்மை.