அக்கா கேட்ட ஏழு அதிகாரங்கள்

என் அருமை அக்காவுக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. சபைச் சஞ்சிகையில் உன் நினைவாக ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதாகப் போதகர் சொன்னார். "தம்பி, நீங்கதான் எழுதணும். அவவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார். எழுத உட்கார்ந்தால் உன்னைப் பற்றி எழுத வரவில்லை. உனக்கு நான் செய்ததுதான் வருகிறது. அதையே எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தான் மாரி வேளாண்மை விதைத்துவிட்டார். வயல் வட்டையில் நெல் முழங்கால் உயரம் நிற்கிறது. ஆனால் மழை விடுகிறதாயில்லை, வாவித் தண்ணீர் வீட்டு ஒழுங்கை வரைக்கும் வந்துவிட்டது. அத்தான் வரம்பைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறார். றெபேக்கா படிக்கிறாள். உன்னைப் போலவே விடிய எழும்பி, தேத்தண்ணீர் ஊற்றி, தகப்பனுக்கு ஒரு கோப்பையும் தனக்கு ஒரு கோப்பையும் வைக்கிறாள். உன் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேறொரு ரீச்சர் வந்திருக்கிறார். சின்னதுகள் இன்னும் உன்னைத்தான் கேட்கிறதுகளாம்.

அக்கா, அந்த வார்டு உனக்கு நினைவிருக்கிறதா? சீனி வருத்தம் உன் சிறுநீரகத்தைத் தின்று முடித்து, கண்ணுக்கு வந்திருந்த நேரம். இரத்தம் சுத்திகரிக்க வாரத்துக்கு இரண்டு தரம் மட்டக்களப்புக்கு வந்துபோவாய். ஆட்கள் நிழல் மாதிரித்தான் தெரிகிறார்கள் என்றாய். அதைச் சொல்லும்போது நீ அழவில்லை. வேதம் வாசிக்க முடியவில்லை என்று சொல்லும்போதுதான் அழுதாய்.

"தம்பி, நீ வாசிச்சு அனுப்பன். நான் போன்ல கேப்பன்."

"போனிலயே பைபிள் இரிக்கக்கா. ஆரோ நல்ல குரல்ல வாசிச்சிரிக்காங்க. போட்டுத் தாறன்."

"அந்தாள் ஆரெண்டே எனக்குத் தெரியா. நீ வாசி. எனக்கும் கேட்ட மாதிரி, நீயும் வேதத்தத் தொட்ட மாதிரி."

நத்தார் பண்டிகைக்கு மட்டும் ஆராதனைக்கு வருகிறவன் நான். உன் கண்ணைச் சாட்டாக வைத்து என்னைப் பிடிக்கப் பார்க்கிறாய் என்பது எனக்கு அப்போதே விளங்கியது. சிரித்துக்கொண்டு சரி என்றேன். நீ உடனே சட்டமும் போட்டாய்.

"ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம். கூட வேணாம். விளங்கினாலும் வாசி, விளங்காட்டியும் வாசி. ஒரு நாள் உட்டுட்டா கவலப்படாத, உட்ட இடத்தில இருந்து மறுகா தொடங்கு. ரெண்டாம் நாளும் உட்டிராத, அவ்வளவுதான்."

அடுத்த நாளே தொடங்கினேன். பாசிக்குடாவில் நான் வேலை செய்கிற ஹோட்டலின் சலவைப் பகுதிக்குப் பின்னால் பெட்ஷீட் அடுக்கி வைக்கிற அறை இருக்கிறது. முதல் மெஷின் ஓடத் தொடங்குவதற்கு முன் அங்கே போய் நின்று ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தைப் போனில் பதிந்து அனுப்பினேன். ஐந்தாம் அதிகாரத்தில் வெறும் பெயர்களாக வர, நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு நீயே போன் எடுத்துச் சிரித்தாய். அன்றைக்கு உன் குரல் வருத்தக்காரியின் குரல் மாதிரி இருக்கவில்லை. ஏழாம் அதிகாரம் வரைக்கும் ஒரு நாளும் விடவில்லை. பூமி முழுக்கத் தண்ணீர், நோவாவின் பேழை மட்டும் மிதக்கிறது. அதோடு நின்றேன்.

எட்டாம் நாள் ஹோட்டலில் ஒரு கலியாணம். விடியமுதல் மேசை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அது உண்மையான காரணம். ஒன்பதாம் நாளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நேற்று விட்டுவிட்டோமே என்ற வெட்கம், அவ்வளவுதான். பத்தாம் நாள் அந்த வெட்கம் இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தது. பிறகு அந்த அறைக்குள் போனாலே உன் முகம் வரும் என்று, பெட்ஷீட் எடுக்க வேறு ஆளை அனுப்பினேன்.

நீ கோபிக்கவேயில்லை. ஒரு வாரம் பொறுத்துக் கதைத்தாய்.

"டேய் தம்பி, நோவா இன்னும் பேழைக்குள்ளதான் இரிக்காரு. எப்ப இறக்கப் போறாய்?"

"போன்ல பதிய ஏலாமக் கிடக்கக்கா. பழுதாப் போச்சு. திருத்தக் குடுக்கணும்."

அந்தப் பொய்யை அதே போனில் இருந்துதான் சொன்னேன். அதே போனில் சாப்பாட்டு நேரமெல்லாம் பகிடி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அதிகாரம் வாசிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் என்னிடம் இருந்தது, அக்கா. ஒவ்வொரு நாளும் இருந்தது.

நீ இரண்டாம் தரம் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வசதியாகவும் போயிற்று.

மூன்று மாதம் அப்படியே போனது. ஒரு காலை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், கல்லடிப் பாலத்துக்கு மேல், ஓட்டோவுக்குள் அத்தானின் தோளில் சாய்ந்தபடி நீ போய்விட்டாய். நான் வந்து சேர்ந்தபோது உன்னைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். என் அழுகைக்குள் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

உன் முப்பத்தோராம் நாள் ஜெபம் முடிந்து ஆட்கள் போன பிறகு, றெபேக்கா உன் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அம்மா ஒவ்வொரு நாளும் விடிய இதத்தான் கேட்டுக்கொண்டிருந்தா. ஒரு நாளைக்கு ஒண்டு. ஏழு முடிஞ்சா மறுகா ஒண்டில இருந்து."

போனை என் பக்கம் தள்ளினாள்.

"வேற பைபிள் போட்டுத் தாறன் எண்டு சொன்னன். வேணாமெண்டுட்டா. மாமாக்கு வேல கூட, நேரம் கிடைச்சா அனுப்புவான் எண்டா. கடைசிக் கிழமையும் அதத்தான் சொன்னா." பிறகு நிமிர்ந்து கேட்டாள். "நீங்க ஏன் மாமா அனுப்பல்ல?"

அவளுக்குப் பதினேழு வயது. அவள் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. வேலை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று மாதம், ஏழே ஏழு அதிகாரம். நோவாவின் கதையைப் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தவள் நீ, முடிவு தெரியாதா உனக்கு? பிறகு எதற்காக அதையே கேட்டாய்? வேதத்துக்காகவா, என் குரலுக்காகவா? ஒவ்வொரு நாளும் கேட்டு முடித்துவிட்டு எனக்காக ஜெபித்தாயா? ஒரு நாளாவது என்னை வெறுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் வேலைக்குத் திரும்பி, அந்த அறைக்குள் போய், எட்டாம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தேன். தண்ணீர் வற்றுகிறது, புறா திரும்பி வருகிறது, எல்லாரும் இறங்குகிறார்கள். ஆறுதல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது, வெளியே போனேன். அதற்கடுத்த நாள் ஒன்பதாம் அதிகாரம்.

இப்படித்தான் போகிறது. உனக்கு முன்னால் பொய் சொன்னது போதும், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். சில நாள் வாய் மட்டும் வாசிக்கிறது. சில நாள் வாசித்து முடிக்கும்போது முதல் வரியே மறந்துபோகிறது. நான்கு நாள் தவறவிட்டேன், அதில் இரண்டு நாள் அடுத்தடுத்து. மூன்றாம் நாள் கால் பின்னுக்கு இழுக்க இழுக்கத்தான் அந்த அறைக்குள் போனேன். எப்போதாவது ஒரு வசனம் என்னைப் பிடித்து நிறுத்தும். யோசேப்பு தன் சகோதரருக்கு முன்னால் வாய்விட்டு அழுகிற இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் துவாய்களுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசர் வந்து ஏசிய பிறகுதான் எழும்பினேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. வாழைச்சேனையில் பஸ் ஏறி, மட்டக்களப்பில் இறங்கி, கல்முனை பஸ்ஸில் செட்டிபாளையத்துக்கு வருகிறேன். அன்றைய அதிகாரத்தை உன் வீட்டு முன்னறையில் சத்தமாக வாசிப்பேன். அத்தான் கதிரையில் இருந்து கேட்பார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அந்தக் கூச்சத்தில்தான் உனக்கு வாசித்துக் காட்டாமல் விட்டதாக ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தார். அந்த வீட்டில் நான் மட்டும் இல்லை, அவரும் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்.

நான் புத்தகத்தைத் திறந்தால் றெபேக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். "சாப்பிட்டீங்களா மாமா" என்பதற்கு மேல் ஒரு கதையும் இல்லை. நான் குறை சொல்லவில்லை. உன் பக்கத்தில் இருந்து அந்த ஏழு அதிகாரத்தையும் உன்னோடு கேட்டவள் அவள்தானே.

போன செவ்வாய்க்கிழமை யாத்திராகமம் முப்பத்தோராம் அதிகாரம். கூடாரத்து வேலைக்குக் கர்த்தர் ஒரு தொழிலாளியைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. பெச, பெசலே என்று இரண்டு தரம் தடக்கினேன்.

"பெசலெயேல்."

குசினிக்குள் இருந்து வந்தது. பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. அத்தான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லி, மிச்சத்தை வாசித்து முடித்தேன். முடியும் வரைக்கும் உள்ளே தண்ணீர் ஓடவில்லை.

அதற்குப் பிறகும் அவள் என்னோடு கதைக்கவில்லை, அக்கா. பஸ்ஸுக்குப் போகும்போது வாசலுக்கும் வரவில்லை. அதை நான் பெரிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் ஒன்று. இந்தப் பக்கம் அச்சாகி வந்தால் அவளும் வாசிப்பாள். தாள் வழியாக அவள் இதை அறியக்கூடாது. வருகிற செவ்வாய்க்கிழமை, புத்தகத்தைத் திறப்பதற்கு முன், போன் பழுதாகவில்லை, எனக்கு வேலையும் இருக்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் என்னை வெளியே போகச் சொன்னால், வாசற்படியில் இருந்து அன்றைய அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போவேன். அதற்கடுத்த செவ்வாயும் வருவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உனக்குப் பின் பிறந்தவன்,
உன் தம்பி ரஞ்சன்