மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா

மார்ச் 3, ஞாயிறு

வரைபடத்தில் எங்கள் வீடும் அக்கா வீடும் ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவின் கடைசி வீடு எங்களுடையது, அவர்கள் தெருவின் கடைசி வீடு அவளுடையது. அதை நம்பித்தான் இரண்டு பேரும் ஊருக்கு வெளியே வந்து வாங்கினோம். நடுவில் மதில் இருப்பதை யார் பார்த்தார்கள்? அவளுடையது வேறு குடியிருப்பாம், இரண்டு தெருவும் எங்குமே சேராதாம். அவளைப் பார்க்க நெடுஞ்சாலைக்குப் போய், பாலத்தில் திரும்பி, அவர்கள் காவலாளியிடம் பெயர் சொல்லி— அரை மணி நேரம். அவள் தும்மினால் எனக்குக் கேட்கிறது.

மார்ச் 10

ஆளுக்கொரு ஸ்டூல். மதில் மேல் பாத்திரம் கைமாறுகிறது. என் சமையலை நின்றபடியே ருசி பார்த்து, "உப்பு எங்கடி?" என்றாள். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதே புகார்.

மார்ச் 17

மதிலில் ஒரு வழி விடலாமா என்று இவரிடம் கேட்டேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் இவர்தான். "உங்கக்காவுக்கு வழி விட்டா ஊர்ல இருக்கிற பைக்கெல்லாம் நம்ம வாசல்லதான் ஓடும்," என்றார். நகரம் வளர வளர எல்லோரும் இப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கைப்பேசியில் மேலிருந்து பார்த்தால் நாங்கள் முன்பு இருந்த பேட்டையில் தெருவெல்லாம் பின்னிக் கிடக்கிறது. இங்கே பார்த்த இடமெல்லாம் முட்டுச்சந்து. சண்டை போட்டேன். மசியவில்லை.

மார்ச் 19

அக்கா வீட்டை விற்றுவிட்டுப் பேட்டைக்கே போகப் பார்க்கிறாள். "உன் பக்கத்துல இருக்கணும்னுதானே வந்தேன். பாத்திரம் வாங்கவா வந்தேன்?" ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து அழுதேன். போகாதேக்கா என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மார்ச் 21

அக்கா விழுந்துவிட்டாள். மத்தியானம், பாத்திரத்தை நீட்டினேன், ஸ்டூல் சரிந்தது. அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அவள் தெருவில் ஈ காக்கை இல்லை. எட்டிப் பார்த்தால் கீழே கிடந்து முனகுகிறாள், கைக்கு எட்டவில்லை. சாப்பிட வந்திருந்த இவர் மதிலேறப் பார்த்தார், தொப்பை விடவில்லை. காரை எடுத்தோம். பாலத்தில் நெரிசல். அவர்கள் வாசலில் காவலாளி, வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுத்தான் விடுவேன் என்றார். யார் எடுப்பா? அவதான் கீழ கெடக்காளே! இவர் இவ்வளவு சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை.

கணுக்காலில் விரிசல். மாவுக்கட்டு.

மார்ச் 22

காலையில் இவர் டேப்பை வைத்து மதிலை அளந்துகொண்டிருந்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இரண்டு சங்கமும் கூடின. ஒரு ஆள் நடந்து வரும் அகலம், பைக் நுழையாதபடி நடுவில் ஒரு கம்பம். இவரே எழுந்து சொன்னார். அந்தப் பக்கத்துத் தலைவர், திருடன் வருவானே என்றார்.

"திருடன் ஸ்டூல் போட்டாவது ஏறி வந்துடுவான் சார். எங்க அக்காவாலதான் முடியல," என்றார் இவர்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கைகளும் உயர்ந்தன. உங்கக்கா, உங்கக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மே 25

மதிலில் வழி விட்டு ஒரு வாரம் ஆகிறது, அக்காவின் கட்டும் பிரித்தாயிற்று. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. ருசி பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது.

நான் இன்னும் போடவே இல்லை.